காகிதத்தில் இருந்த வேறொரு பெண்: கல்லூரிக்குத் திரும்பிய ஒரு தாயின் நிதியுதவி, ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மே மாதம், ஒரு சனிக்கிழமை. நூலகத்தின் சிறிய அறையில் உட்கார்ந்து, ஃபாஃப்சா படிவம் நிரப்ப வருகிறவர்களுக்கு உதவிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு மத்திய அரசின் நிதியுதவி வேண்டுமானால் இந்தப் படிவம்தான் வாசல். அந்தப் பெண் கடைசியாக வந்தார். கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, எனக்கு ஒன்னும் கிடைக்காது போலிருக்கு. ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. இல்லைன்னா விட்டுடறேன்" என்றார்.

அவரை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இன்னும் இரண்டு மூன்று பேரின் அனுபவங்களும் இதில் கலந்திருக்கின்றன. விதிகளும் அவை தரும் தொகைகளும் மட்டும் உள்ளது உள்ளபடி.

வயது 31. சிறுமியாகப் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர், இப்போது குடியுரிமை பெற்றவர். இரண்டு பிள்ளைகள்: ஏழு வயது மகள், மூன்று வயது மகன். கணவரைப் பிரிந்தது 2023 பிப்ரவரியில். மருந்துக்கடை கவுண்டரில் பகுதிநேர வேலை, ஆண்டுக்கு 19,000 டாலர் வருமானம். குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர் பொதுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் படிக்க விரும்பினார். அதே கல்லூரியில் 19 வயதில் இரண்டு செமஸ்டர் படித்துப் பாதியில் நின்றவர்.

கடிதத்தில் மூன்று செய்திகள். அவருடைய குடும்ப வருமானத்தைப் பார்த்தால் முழு உதவிக்குத் தகுதியில்லை, ஒரு பகுதிதான் கிடைக்கும். பழைய மதிப்பெண்கள் போதாததால் அந்த உதவியும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கல்லூரிக்கு அவர் 640 டாலர் பாக்கி, அதைக் கட்டாமல் வகுப்பில் பதிவு செய்ய முடியாது.

நான் அதை இரண்டு முறை படித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி அதில் எதுவுமே இல்லை. வருமானம் 2022இல் திருமணமாகி இருந்த ஒரு பெண்ணுடையது. மதிப்பெண்ணும் பாக்கியும் 2012இல் படித்த ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுடையவை. கல்லூரிக்குத் திரும்பும் தாய்மார்கள் பலருக்கும் இதுதான் நடக்கிறது. பழைய காகிதத்தை வைத்து இன்றைய ஆளை அளக்கிறார்கள். அதைத் திருத்த விதிகளிலேயே வழி இருக்கிறது. ஆனால் எழுதிக் கேட்டால்தான் அந்த வழி திறக்கும், கேட்கலாம் என்பதை யாரும் தானாக வந்து சொல்வதில்லை.

முதலில் ஒரு தவறான நம்பிக்கை

அவர் என்னிடம் வருவதற்கு முன் இணையத்தில் நிறையத் தேடியிருந்தார். "தனித்தாய்களுக்கு அரசின் சிறப்பு மானியம்" என்று ஒரு விளம்பரம். தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறார். அடுத்த நாளிலிருந்து லாபநோக்குக் கல்லூரிகளின் அழைப்புகள் விடாமல் வந்தன. இந்த மாதிரி விளம்பரங்கள் புதியவை அல்ல. ஒபாமா ஆட்சிக் காலத்தில் "அம்மாக்கள் கல்லூரிக்குத் திரும்ப ஒபாமா அழைக்கிறார்" என்ற விளம்பரம் இணையம் முழுக்க ஓடியது. தனித்தாய்களுக்கு மட்டுமென்று மத்திய அரசின் மானியம் எதுவும் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

இருப்பது பெல் கிரான்ட். குறைந்த வருமான மாணவர்கள் எல்லோருக்கும் பொதுவானது, திருப்பிக் கட்ட வேண்டாதது. 2024-25இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். அந்த ஆண்டுதான் படிவமும் விதிகளும் புதிதாக மாறின. அந்த மாற்றத்தில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது: வறுமைக்கோட்டின் 225 சதவீதம் வரை வருமானம் இருந்தாலும் முழு பெல் கிரான்ட் உண்டு. மற்ற குடும்பங்களுக்கு இந்த எல்லை 175 சதவீதம். மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு 2022இன் வறுமைக்கோடு 23,030 டாலர், அதன் 225 சதவீதம் சுமார் 51,800. இவருடைய வருமானம் 19,000. அப்படியென்றால் முழுத் தொகையும் வந்திருக்க வேண்டும்.

முதல் முடிச்சு: இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக்கணக்கு

2024-25 படிவம் 2022ஆம் ஆண்டு வரிக்கணக்கைப் பார்க்கிறது. அந்த ஆண்டு இவரும் கணவரும் சேர்ந்து தாக்கல் செய்திருந்தார்கள். மொத்தம் 92,000 டாலர். அந்தத் தொகை முழுவதும் இவர் பெயரில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

விதி என்ன சொல்கிறது? திருமண நிலையைப் படிவத்தில் கையெழுத்திடும் நாளில் உள்ளபடிதான் குறிக்க வேண்டும். விவாகரத்து ஆணை கைக்கு வந்திருக்க வேண்டும் என்றில்லை, பிரிந்து வாழ்ந்தாலே போதும். பிரிந்தவர் கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் அவருடைய பங்கு மட்டுமே கணக்கில் சேர வேண்டும். அவர் படிவத்தில் "பிரிந்து வாழ்கிறேன்" என்றுதான் குறித்திருந்தார். வருமானம் மட்டும் பிரிக்கப்படவில்லை.

இதற்கு ஒரு பக்கக் கடிதம் போதுமானதாக இருந்தது. இவருடைய டபிள்யூ-2 சம்பளச் சான்றையும், தனி வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் இணைத்தோம். கணவருடைய டபிள்யூ-2 இவரிடம் இல்லை, கேட்கவும் மனமில்லை. கூட்டுக் கணக்கின் மொத்தத்திலிருந்து இவருடைய சம்பளத்தைத் தனியே காட்ட இவருடைய சான்று மட்டும் போதுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். போதும் என்றார்கள். எல்லா அலுவலகமும் அப்படிச் சொல்லும் என்று உறுதி தர முடியாது. ஆனால் கேட்காமல் அந்தச் சான்றுக்காக அவரை மறுபடி அந்த வீட்டு வாசலுக்கு அனுப்பியிருந்தால் நான் பெரிய தவறு செய்திருப்பேன்.

மூன்று வாரத்தில் திருத்தம் வந்தது. முழு பெல் கிரான்ட்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சிலருக்குப் பிரச்சினை கணவரின் வருமானம் அல்ல, தன்னுடையதே. இரண்டு வருடம் முன்பு முழுநேர வேலை, இப்போது இல்லை. அவர்களுக்காக உயர்கல்விச் சட்டத்தின் 479ஏ பிரிவு இருக்கிறது. தனிப்பட்ட சூழ்நிலையைப் பார்த்து எண்களை மாற்றிக் கணக்கிட நிதியுதவி அதிகாரிக்கு அது அதிகாரம் தருகிறது. எல்லா வேண்டுகோளையும் மொத்தமாக மறுப்பதைக் கொள்கையாக ஒரு கல்லூரி வைத்துக்கொள்ள முடியாது, இப்படிக் கேட்கலாம் என்பதை மாணவர்களுக்குத் தெரியப்படுத்தவும் வேண்டும். படிவத்தை மாற்றிய புதிய சட்டம் அதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது.

இரண்டாம் முடிச்சு: பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மதிப்பெண்

மூன்றில் கடினமானது இதுதான். மத்திய உதவி பெறுகிறவர் படிப்பில் திருப்திகரமாக முன்னேற வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் இதை இப்படி அளக்கின்றன: நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி 2.0க்குக் குறையக்கூடாது, எடுத்த கிரெடிட்டுகளில் (பாட அலகுகளில்) 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும், படிப்புக்கு உரிய காலத்தின் ஒன்றரை மடங்குக்குள் மொத்தமும் முடிய வேண்டும்.

இவர் 2012இல் 24 கிரெடிட் எடுத்து 12 முடித்திருந்தார். சராசரி 1.7. முதல் செமஸ்டர் நன்றாகவே போயிருக்கிறது. இரண்டாவதில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்தவர் வகுப்புகளை முறையாக விலக்கிக்கொள்ளவில்லை, போவதை மட்டும் நிறுத்திவிட்டார். எல்லாம் எஃப், அதாவது தோல்வி, ஆகிவிட்டது.

சில கல்லூரிகளில் பழைய மதிப்பெண்களை மன்னித்து ஒதுக்கும் ஏற்பாடு உண்டு. பட்டத்துக்கான சராசரியில் அது உதவும். நிதியுதவிக் கணக்கில் அந்த மன்னிப்பு செல்லாது, எடுத்த கிரெடிட் எடுத்ததுதான். இது தெரியாமல் "மன்னிப்பு வாங்கிவிட்டேன், இனிக் கவலையில்லை" என்று இருந்து செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மீதமிருக்கும் வழி மேல்முறையீடு. இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்: அன்று ஏன் முடியவில்லை? இன்று எது மாறியிருக்கிறது?

அவர் முதலில் எழுதி வந்தது நான்கு பக்கம். அம்மாவின் நோய், திருமணம், கணவரின் கோபம், பிரிந்து வந்த இரவு, காரில் தூங்கிய பிள்ளைகள், எல்லாம் அதில் இருந்தன. படித்து முடித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னேன், "இதை நீங்க எழுதினது நல்லது. ஆனா இதை அவங்களுக்கு அனுப்ப வேணாம்." முறையீட்டுக் குழுவில் இருப்பவர்கள் கல் மனசுக்காரர்கள் என்பதல்ல காரணம். அவர்கள் தேடுவது இரண்டு பதில்களை, அவை நான்காம் பக்கத்தின் அடியில் புதைந்து கிடந்தன. தன் வாழ்க்கையின் மிகக் கொடிய இரவைக் காட்டினால்தான் படிப்புக்கு உதவி கிடைக்கும் என்று ஒரு பெண் நினைக்கக்கூடாது என்பதும் எனக்கு முக்கியமாகப் பட்டது.

இரண்டாவது கடிதம் ஒரு பக்கம். அம்மாவின் சிகிச்சை நடந்த மாதங்களும் அவர் வகுப்புக்குப் போகாத மாதங்களும் ஒன்றே என்று காட்டும் மருத்துவமனைக் கடிதம் ஒன்று. இப்போது மாறியிருப்பவை: மகள் பள்ளிக்குப் போகிறாள், மகனுக்குப் பகல்நேரப் பராமரிப்பு உறுதியாகியிருக்கிறது, கடை மேலாளர் வேலை நேரத்தைக் குறைத்து மாலைக்கு மாற்றித் தரச் சம்மதித்திருக்கிறார் (அவரிடமிருந்து மூன்று வரிக் கடிதம்). கடைசியாக, எந்தச் செமஸ்டரில் எந்த வகுப்பு என்று ஒரு கால அட்டவணை.

அந்த அட்டவணைதான் முறையீட்டைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். ஏனென்றால் கணக்கு இப்படி இருந்தது. முதல் செமஸ்டரில் எடுக்கும் 10 கிரெடிட்டையும் முடித்தாலும் மொத்தம் 34க்கு 22, அதாவது 64.7 சதவீதம்தான் வரும். ஒரே செமஸ்டர் அவகாசம் தந்தால் அதன் முடிவில் மறுபடி தோற்றுப்போவார். வசந்தகாலச் செமஸ்டரில் இன்னொரு 10 முடித்தால் 44க்கு 32, 72.7 சதவீதம். எனவே ஒரு செமஸ்டர் அவகாசத்துக்குப் பதில் படிப்புத் திட்டம் ஒன்றின் கீழ் அனுமதி கேட்டோம். திட்டத்தின்படி நடந்துகொண்டால் விகிதம் குறைவாக இருக்கும்போதும் உதவி தொடரும். ஒப்புக்கொண்டார்கள். நிபந்தனை ஒன்று: எந்த வகுப்பையும் கைவிடக்கூடாது.

மூன்றாம் முடிச்சு சுருக்கமாக

அந்த 640 டாலர் எப்படி வந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. மத்திய உதவி பெற்றவர் செமஸ்டரின் 60 சதவீதம் முடியும் முன் விலகினால் மீதிக் காலத்துக்கான உதவியைக் கல்லூரி அரசுக்குத் திருப்ப வேண்டும், அப்புறம் அதை மாணவர் கணக்கில் எழுதிவிடும். புதிய பெல் பணத்தில் இதைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா என்று கேட்டார். முந்தைய ஆண்டுப் பாக்கிக்கு மத்திய உதவியிலிருந்து அதிகபட்சம் 200 டாலர்தான் எடுக்கலாம். மாதம் 80 என்று எட்டுத் தவணை கேட்டோம். இரண்டு தவணை கட்டியதும் பதிவுத் தடையை நீக்கினார்கள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார்?

கம்யூனிட்டி காலேஜில் முழுநேரப் படிப்புக்குக் கட்டணம் நாடு முழுவதுமான சராசரியில் ஆண்டுக்கு 4,000 டாலரை ஒட்டித்தான். முழு பெல் கிரான்ட் அதைத் தாண்டிவிடும். ஆகவே இந்தப் பெண்களைத் தடுப்பது கட்டணம் அல்ல. வகுப்பு நடக்கும் நேரத்தில் குழந்தை எங்கே இருக்கும் என்ற கேள்விதான் தடுக்கிறது.

கல்லூரி வளாகத்தில் மாணவப் பெற்றோருக்காக டேகேர் நடத்த மத்திய அரசின் திட்டம் ஒன்று உண்டு, சிகாம்பிஸ் என்பார்கள். இவருடைய கல்லூரியில் அது இருந்தது. காத்திருப்புப் பட்டியல் ஒரு வருடத்துக்கு நீண்டிருந்தது. மாநிலத்தின் குழந்தைப் பராமரிப்பு மானியத்துக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒரு விதி வைத்திருக்கிறது, படிக்கும் நேரத்தைச் சில இடங்களில் முழுமையாக ஏற்பதில்லை. கடைசியில் கைகொடுத்தது மத்திய அரசின் முன்பள்ளித் திட்டமான ஹெட் ஸ்டார்ட். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, இலவசம். உணவு உதவியான ஸ்நாப் பெறும் குடும்பம் என்றால் தகுதியை நிரூபிப்பது சுலபம். இவர் பெற்றுவந்தார். கல்லூரியில் பாதிநேரமோ அதற்கு மேலோ படிக்கிறவர்களுக்குப் பொதுவாக ஸ்நாப் கிடையாது. ஆனால் ஆறு வயதுக்குள் குழந்தை இருந்தால் அந்தத் தடை இல்லை. பன்னிரண்டு வயதுக்குள் குழந்தை இருக்கும் தனிப்பெற்றோர் முழுநேரம் படித்தாலும் இல்லை. பயந்துபோய்த் தாங்களே உதவியை விட்டுவிடுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். விட வேண்டாம்.

ஹெட் ஸ்டார்ட் மதியம் இரண்டரைக்கு முடிந்துவிடும். அதற்குப் பின் இரண்டு பிள்ளைகளுக்கும் பணம் கட்டித்தான் ஆள் வைக்க வேண்டும். இங்கேதான் மூன்றாவது கடிதம் வந்தது.

ஒவ்வொரு கல்லூரியும் படிப்புக்கு ஆகும் மொத்தச் செலவு என்று ஒரு தொகை குறிக்கிறது. ஒரு மாணவர் பெறும் எல்லா உதவியும் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது. அந்தத் தொகையில் குழந்தைப் பராமரிப்புச் செலவையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். வகுப்பு நேரத்துக்கு மட்டுமல்ல, படிக்கும் நேரம், களப்பயிற்சி, போய்வரும் நேரம் எல்லாவற்றுக்கும். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்காக ஆய்வு செய்யும் கணக்காய்வு அலுவலகம் 2019இல் இதைப் பற்றி எழுதியது. அதன்படி அப்போது இளநிலை மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பிள்ளை வளர்ப்பவர்கள், அவர்களில் பாதிக்கு மேல் தனிப்பெற்றோர். அப்படியிருந்தும் அவர்கள் பார்த்த கல்லூரி இணையதளங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்தச் சலுகையைக் குறிப்பிடவே இல்லை. எனக்கு இது மிகவும் வலிக்கிறது. பணம் இல்லாததால் மறுக்கப்படுவது வேறு, இருப்பதைச் சொல்லாமல் விடுவது வேறு.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. இந்தத் தொகை கூடினால் கையில் பணம் வந்துவிடாது. உதவி பெறுவதற்கான இடம்தான் கூடும். அவருக்கு 6,800 டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள், உடனடியாக ஒரு டாலரும் வரவில்லை. அதன் பலன் அக்டோபரில் தெரிந்தது. உள்ளூர் மகளிர் அமைப்பு ஒன்று அவருக்கு 2,000 டாலர் பரிசளித்தது. பழைய வரம்பு இருந்திருந்தால் மாநில மானியத்தில் வெட்டு விழுந்திருக்கும். இடம் இருந்ததால் இரண்டும் முழுமையாக நின்றன. அந்தப் பணம் மாலைநேரப் பராமரிப்புக்குப் போனது.

கடன் வாங்கலாமா என்று கேட்டார். வட்டியை அரசு தாங்கும் கடன் முதலாண்டில் 3,500 வரை கிடைக்கும். 2,000 போதும் என்று முடிவு செய்தார். கிரெடிட் கார்டில் பாலும் பெட்ரோலும் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

நவம்பர்

பெல் பணம் எடுக்கும் கிரெடிட்டுக்கு ஏற்ப வரும். 12 எடுத்தால் முழுது, 10 எடுத்தால் 83 சதவீதம். செமஸ்டருக்கு 3,069 டாலரை ஒட்டி வந்தது. செப்டம்பரும் அக்டோபரும் நன்றாகப் போயின. நவம்பரில் மகனுக்குக் காய்ச்சல், அடுத்து மகளுக்கு. காய்ச்சல் குழந்தையை எந்த டேகேரும் ஏற்காது. உடற்கூறியல் ஆய்வக வகுப்பு மூன்று தவறிவிட்டது. ஒரு இரவு எனக்குச் செய்தி அனுப்பினார்: "அக்கா, அனாடமியை மட்டும் டிராப் பண்ணிடலாம்னு இருக்கேன்."

அது 4 கிரெடிட் வகுப்பு. விலகினால் 34க்கு 18, 53 சதவீதம். விகிதத்தைவிடப் பெரிய ஆபத்து நிபந்தனை: எந்த வகுப்பையும் கைவிடக்கூடாது. உடனே போன் செய்து, காலையில் முதல் வேலையாக ஆசிரியரிடம் போய் "முழுமையடையவில்லை" என்ற குறியீடு கேட்கச் சொன்னேன். விட்டுப்போன ஆய்வக வேலைகளைப் பின்னால் முடித்துக்கொடுக்க அது அவகாசம் தரும். முடிக்கும்வரை அந்த வகுப்பு முடிந்ததாகக் கணக்கில் வராது, ஆனால் கைவிட்டதாகவும் ஆகாது. ஆசிரியர் சம்மதித்தார். அதே நாளில் நிதியுதவி அலுவலகத்துக்கும் ஒரு மின்னஞ்சல், மருத்துவர் சீட்டோடு. ஜனவரி முதல் இரண்டு வாரத்தில் மூன்று ஆய்வகத்தையும் முடித்தார். பி மதிப்பெண். வசந்தகாலச் செமஸ்டரின் முடிவில் 44க்கு 32.

கேட்கப்படும் ஒரு கேள்வி

நம் பெண்கள் பலர், வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மத்திய நிதியுதவி இல்லை. பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். இதில் ஒரு விலக்கு பலருக்குத் தெரியாது: குடிமகனோ கிரீன் கார்டுகாரரோ ஆன கணவரின் வன்முறைக்கு ஆளாகி, பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய வாவா சட்டத்தின் கீழ் தானே மனு செய்து ஏற்கப்பட்டவர், கார்டு கைக்கு வரும் முன்பே தகுதி பெறக்கூடும். அந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடமும், அடுத்து நிதியுதவி அலுவலகத்திலும் கேட்க வேண்டும்.

வெளி உதவித்தொகைகளில், குடும்பத்தைத் தானே தாங்கும் பெண்களுக்கென்று சோராப்டிமிஸ்ட் அமைப்பின் "லிவ் யுவர் ட்ரீம்" விருது ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் விண்ணப்பம் வாங்குகிறது. குறைந்த வருமானத் தாய்மார்களுக்கு பாட்ஸி மிங்க் பெயரிலான அறக்கட்டளை 5,000 டாலர் வரை தருகிறது. ஆர்கன்சாஸ் மாநிலத்தில் தனிப்பெற்றோருக்கென்றே ஒரு நிதியம் இயங்குகிறது.

இப்போது

அடுத்த கல்வியாண்டுக்கான படிவத்தை 2024 டிசம்பரில் நிரப்பினார். அது 2023 வரிக்கணக்கைக் கேட்டது. அந்த ஆண்டின் கடைசி ஆறு மாதமும் கணவரோடு வாழவில்லை என்பதால், குடும்பத் தலைவி என்ற நிலையில் தனியாகத் தாக்கல் செய்திருந்தார். வரித்துறையிலிருந்து எண்கள் நேரே வந்து விழுந்தன, முதல் கணக்கிலேயே முழு பெல் கிரான்ட். விளக்கக் கடிதம் தேவைப்படவில்லை.

2025 இலையுதிர்காலத்தில் நர்சிங் வகுப்பில் இடம் கிடைத்தது. மருத்துவமனைப் பயிற்சி காலை ஆறே முக்காலுக்குத் தொடங்குகிறது, ஹெட் ஸ்டார்ட் எட்டு மணிக்குத் திறக்கிறது. அந்த ஒன்றே கால் மணி நேரத்துக்கும் பயண நேரத்துக்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பணம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடும்படி நிதியுதவி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், பயிற்சி அட்டவணையையும் பக்கத்து வீட்டு அம்மாவின் ரசீதையும் இணைத்து. இந்த முறை எனக்கு வரைவு அனுப்பவில்லை. அனுப்பிவிட்டுத்தான் சொன்னார்.